வைரத்துக்கு இரண்டு விலை

கல்யாண மாதங்கள் நெருங்கும்போது நகைக் கடைகளில் இப்பொழுது ஒரு புதுவிதமான பேரம் நடந்து வருகிறது. முன்பெல்லாம் பேரம் பேசுகிறவர்கள், "அடுத்த கடையில் குறைத்துக் கொடுக்கிறார்களே!" என்பார்கள். இப்போது அடுத்த கடை கைபேசிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பெண்ணின் தாயார் கைபேசியை நீட்டி, "இதே எடை, இதே தரம்; இங்கே 25,000 ரூபாய் குறைச்சலாகப் போட்டிருக்கிறதே?" என்று கேட்கிறார். தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு நகை செய்து கொடுத்த கடைக்காரரின் முகம் சுருங்குகிறது. "அதையெல்லாம் நம்பலாமா, அம்மா?" என்கிறார். அம்மாளுக்கோ, இத்தனை நாளும் இவர் நம்மை ஏமாற்றித்தான் வந்தாரோ என்ற சந்தேகம் பிறந்துவிடுகிறது.

இவ்விருவரில் யார் பக்கம் நியாயம்? பேரம் பேசுவதில் குற்றம் ஒன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று அறிந்து பேச வேண்டும். கணக்கு வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பது, ஒரே இனப் பொருள்களைத்தான் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கலாம் என்பது. வைர வியாபாரத்துக்கும் அந்த விதி பொருந்தும்.

தங்கத்தில் இந்தத் தொல்லை அதிகமில்லை. தினந்தோறும் விலை அறிவிக்கிறார்கள். 22 காரட் என்றால் எந்தக் கடையிலும் 22 காரட்தான். வைரம் அப்படியல்ல. ஒரே எடையுள்ள இரண்டு கற்களின் விலை ஒன்றுக்கு மூன்றாகவும் வேறுபடலாம். எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய நேர்த்தி ஆகிய நான்கையும் பார்த்தே விலை மதிக்கிறார்கள். இந்த ஆராய்ச்சி நமக்குப் புதியதுமன்று. மதுரை இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கும் இளங்கோவடிகள், காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு என்னும் நான்கு குற்றங்களும் நீங்கியதே நல்ல வைரம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். இக்காலத்தில் அந்தப் பரீட்சையை ஆய்வுக்கூடங்கள் செய்து சான்றிதழ் கொடுக்கின்றன. 1931-ஆம் வருஷம் அமெரிக்காவில் தோன்றிய ஜி.ஐ.ஏ., 1975-இல் ஆன்ட்வெர்ப் நகரில் தொடங்கிய ஐ.ஜி.ஐ. ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. ஜி.ஐ.ஏ. நிறத்தை 'டி' முதல் 'இஸட்' வரை எழுத்துக்களால் குறிக்கிறது. 'டி' என்பது முற்றும் நிறமற்றது.

முதல் ஏமாற்றம் எடையில் நேருகிறது. வைரத்தில் ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்து 'சென்ட்' என்கிறார்கள். ஏழுகல் தோடு ஒரு ஜோடியில் பதினான்கு கற்கள். எல்லாம் சேர்ந்து ஒரு காரட் என்றால், கல் ஒன்று சுமார் 7 சென்ட்தான். ஒரே கல்லாக ஒரு காரட் உள்ள வைரமோ அபூர்வமானது. ஆகவே அதன் விலை பதினான்கு சிறு கற்களின் மொத்த விலையைவிட மிக அதிகம். கைபேசியில் 'மொத்தம் ஒரு காரட்' என்று போட்டிருப்பதைக் கடையிலுள்ள ஒற்றைக் கல் கம்மலோடு ஒப்பிட்டால், கடைக்காரர் அநியாயக்காரராகத்தான் தோன்றுவார்.

இரண்டாவது, கல்லின் பிறப்பு. பூமியில் வெட்டியெடுத்த வைரம் ஒன்று. ஆய்வுக்கூடத்தில் விளைவித்த வைரம் மற்றொன்று. 1954-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியார் செயற்கை வைரம் செய்வதில் வெற்றி கண்டார்கள். இன்று நம் சூரத் நகரிலேயே அது ஏராளமாக விளைகிறது. அதைப் போலி என்று சொல்வது தவறு. அதுவும் வைரமே, வெறுங்கண்ணால் வேற்றுமை காண முடியாது. 2023-ஆம் வருஷம் நமது பிரதம மந்திரி அமெரிக்க ஜனாதிபதியின் மனைவியாருக்குப் பரிசளித்த ஏழரை காரட் வைரம் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் விலை மிகவும் குறைவு. ஆகையால் இணையத்தில் வியக்கத்தக்க விலை ஒன்றைக் கண்டால், அந்தக் கல் எங்கே பிறந்தது என்று முதலில் பாருங்கள். சான்றிதழில் அது குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வளவும் சரிபார்த்த பிறகும் இணைய விலை குறைவாகவே இருக்கக்கூடும். அதில் மர்மம் ஒன்றுமில்லை. உலகத்து வைரங்களில் மிகப் பெரும்பாலானவை சூரத்தில்தான் பட்டை தீட்டப்படுகின்றன. இணைய வியாபாரிகளில் பலர் மொத்த வியாபாரிகளின் சரக்கைத் தம் பட்டியலில் காட்டி, பணம் வந்தபின் கல்லை வரவழைத்துத் தருகிறார்கள். உள்ளூர்க்காரரோ தம் முதலைப் போட்டுக் கல்லை வாங்கி, வட்டி, வாடகை, காவல் எல்லாம் கொடுத்துக்கொண்டு, நீங்கள் வரும் நாள் வரையில் காத்திருக்கிறார்.

இங்கேதான் பேரத்துக்கு நல்ல வழி பிறக்கிறது. "உங்கள் கல்லின் விலையைக் குறையுங்கள்" என்று கேட்பதைவிட, "இன்ன எடை, இன்ன நிறம், இன்ன தெளிவு, இன்ன ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ், இப்படி ஒரு கல் வரவழைத்துக் கொடுக்க நீங்கள் எவ்வளவு லாபம் எடுத்துக்கொள்வீர்கள்?" என்று கேளுங்கள். மொத்த வியாபாரியிடம் கல் தருவிக்க உள்ளூர்க்காரராலும் முடியும். சரக்கில் முதல் முடக்க வேண்டியதில்லையாதலால், அவரும் இறங்கி வருவார்.

அடுத்தபடி, விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கல்லுக்கு எவ்வளவு, தங்கத்துக்கு எவ்வளவு, செய்கூலி சேதாரம் எவ்வளவு, 3 சதவிகித வரி எவ்வளவு என்று தனித்தனியாக இருக்க வேண்டும். கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும். வைர நகைகளைப் பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில் செய்கிறார்கள். அதற்கு 22 காரட் விலை போட்டிருந்தால் கேளுங்கள். ஹால்மார்க் முத்திரையும் ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கல்லில் குறைத்ததைக் கூலியில் ஏற்றுவது சிலருக்குக் கைவந்த வித்தை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால், சுங்க வரியையும் சேர்த்துக் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

அப்படியானால் உள்ளூர்க் கடைக்கு ஒரு ரூபாயும் அதிகம் கொடுக்கலாகாதா? கொடுக்கலாம், எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம். கல்லைக் கடை விளக்கை விட்டு வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்கும் வசதி ஒன்று. தோட்டின் கல் ஆடினாலும் திருகாணி தேய்ந்தாலும் அன்றைக்கே சரிசெய்யும் பத்தர் அருகில் இருப்பது மற்றொன்று. வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக, தெரிந்த குடும்பங்களுக்குச் சில நாள் கல்லைக் கொடுத்தனுப்பும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அந்த நம்பிக்கையில் நமக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும், இலட்ச ரூபாய்ப் பொருளை ஒருவர் நம்மை நம்பி அனுப்புகிறாரே, அதற்கு மதிப்பு உண்டு. இவற்றுக்காக ஐயாயிரம் ரூபாய் அதிகம் கொடுக்க ஒரு குடும்பம் சம்மதித்தால் அது வீண் செலவாகாது. 25,000 ரூபாயானால் யோசிக்கத்தான் வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இணையத்தில் விற்பதெல்லாம் போலி என்று பயமுறுத்துவது இனிச் செல்லாது. சான்றிதழின் எண்ணை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாம்; பல கற்களின் விளிம்பில் அதே எண்ணை லேசர் ஒளியால் பொறித்திருக்கிறார்கள். பிற்பாடு கல்லைத் திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்பதை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும், இணையத்திலேயே வாங்குவதென்று தீர்மானித்துவிட்ட பிறகு, தட்டுத் தட்டாக நகைகளை எடுத்துக் காட்டச் சொல்லி அவருடைய பொழுதைக் கெடுக்க வேண்டாம்.

வைரத்தை விற்கப் போகிறவர்களுக்கு வாங்கிய விலை கிடைப்பது அரிது. ஆகையால் மிச்சம் பிடிப்பதெல்லாம் வாங்கும் நாளிலேயே பிடிக்க வேண்டும். பெண்ணின் கல்யாணத்துக்கென்று பல வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கூச்சத்தினாலும் தாட்சண்யத்தினாலும் இழக்க வேண்டியதில்லை. கைபேசியையும் காட்டுங்கள், கணக்கையும் கேளுங்கள். யோக்கியமான வியாபாரி அதற்காக வருத்தப்பட மாட்டார்.