நூற்றுக்கு எத்தனை?

ருசிக்கு மார்க் போடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கதைக்கு மார்க் போடுகிறவர்களையும் பிடிக்காது என்பதால், இது ஏதோ தொழில் கோபம் என்று வாசகர்கள் சந்தேகிக்கலாம். தாராளமாகச் சந்தேகித்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின் தேசத்தின் வடக்கே, ரியோஹா என்ற பிரதேசத்தில் விளையும் ஒரு சிவப்பு ஒயினுக்கு மார்க்குக்காரர்களால் நேர்ந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

'இவன் என்ன, சாராயத்துக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டானா?' என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. இல்லை ஐயா! யாரையும் குடிக்கச் சொல்ல நான் வரவில்லை. மது உடம்புக்கு நல்லது என்று சொல்லும் ஆளும் நான் அல்ல. ஆனால் ஒரு ஜனசமூகம் தலைமுறை தலைமுறையாகத் தன் புத்தியையும் பொறுமையையும் ஒரு பொருளில் போட்டு வைத்திருக்கும்போது, அந்தப் பொருள் பாட்டிலில் இருக்கிறது என்பதற்காக நான் கண்ணை மூடிக்கொள்ள மாட்டேன்.

ரியோஹா எப்ரோ நதியின் கரைகளில் கிடக்கிறது. வடக்கே கான்டாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஈரக் காற்றைத் தடுக்கிறது. தெற்கே இன்னொரு மலைத்தொடர். நடுவே சுண்ணாம்பும் களிமண்ணும் கலந்த மேடுகளில் திராட்சை. முக்கியமான ஜாதி தெம்ப்ரனீயோ. 'சீக்கிரம்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்றவற்றுக்கு முன்பே பழுத்துவிடும். சீக்கிரம் பழுக்கும் பழத்தை எடுத்து, உலகத்திலேயே மிகவும் தாமதமாகக் குடிக்கும் ஒயின்களில் ஒன்றை இவர்கள் செய்கிறார்கள். இந்த முரண்பாட்டில்தான் ரியோஹாவின் குணமே இருக்கிறது.

தாமதம் சும்மா வருவதில்லை. அதற்குப் பணம் வேண்டும். இதை முதலில் பட்டுத் தெரிந்துகொண்டவர் மனுவேல் கின்டானோ என்ற பாதிரியார். லபாஸ்தீதா என்ற சிற்றூர்க்காரர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் போர்தோ நகரத்து முறையைக் கற்று வந்து, ஒயினை ஓக் மரப் பீப்பாயில் வைத்துத் தெளிய விட்டார். அவருடைய ஒயின் கடல் கடந்து ஹவானா போய்ச் சேர்ந்தபோதும் கெடாமல் இருந்தது என்று சொல்வார்கள். பீப்பாய்க்குச் செலவு உண்டு, காத்திருப்பதற்குச் செலவு உண்டு. ஆகையால் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டார். ஊர் அதிகாரிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எல்லா ஒயினுக்கும் ஒரே விலைதான்!" அன்று பிறந்த ஒயினுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒயினுக்கும் ஒரே விலை. பாதிரியாரின் முயற்சி அத்தோடு படுத்துவிட்டது. மார்க் போடுகிறவர்களின் பூர்வ புருஷர்களாக அந்த அதிகாரிகளைத்தான் நான் கருதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே படியால் அளக்கும் ஆசை அன்றைக்கே இருந்தது.

மறுபடி அந்த முறை தலையெடுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1852-இல் லூசியானோ முரியேதா லோக்ரோன்யோ நகரத்தில் போர்தோ முறையில் ஒயின் செய்தார். பிறகு பிரான்சுத் தோட்டங்களில் பிலாக்ஸெரா என்ற பூச்சி வேரைத் தின்று கொடிகளைச் சாய்த்தது. ஒயின் இல்லாமல் தவித்த போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி ஆரோ என்ற ஊருக்கு வந்தார்கள். அங்கே ரயில் இருந்தது. ஸ்டேஷனைச் சுற்றியே ஒயின் சாலைகள் முளைத்தன. லோப்பெஸ் தே எரேதியா 1877-இல், இன்னும் சில அடுத்தடுத்து. அந்தப் பேட்டைக்கு இன்றைக்கும் 'ஸ்டேஷன் பேட்டை' என்றுதான் பெயர். இதே ஆரோவில் வருஷந்தோறும் ஜூன் 29-ஆம் தேதி ஊரே மலையடிவாரத்தில் கூடி, ஒருவர் மேல் ஒருவர் சிவப்பு ஒயினை வாரி இறைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் மஞ்சத் தண்ணீர் விளையாட்டு நினைவுக்கு வரும். நல்லவேளை, இறைப்பது அன்றைய மலிவுச் சரக்கு.

சரி, அந்த ஒயின் எப்படித்தான் இருக்கும்?

ஆங்கிலத்தில் ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் 'டானின்' என்று ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக விளக்குவார்கள். நமக்கு அந்தச் சிரமம் கிடையாது. துவர்ப்பு என்றால் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். வாழைப்பூவில் உண்டு, கொட்டைப் பாக்கில் உண்டு, நெல்லிக்காயில் புளிப்போடு சேர்ந்து உண்டு. பிறந்த புதிதில் சிவப்பு ஒயின் இந்தத் துவர்ப்பினால் நாக்கைப் பிடித்து இழுக்கும். நிறம் மையைப் போல இருக்கும். சுமார் 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாய்க்குள் அதை வைத்துவிட்டால், மரத்தின் வழியே துளித்துளியாகக் காற்று கசிந்து, துவர்ப்பை மெல்ல மெல்லத் தணிக்கிறது. வண்டல் அடியில் இறங்குகிறது. தெளிந்ததை வேறு பீப்பாய்க்கு மாற்றுகிறார்கள், மறுபடி காத்திருக்கிறார்கள். நிறம் மங்கி, ஓரத்தில் செங்கல் பொடியின் சாயல் வருகிறது. ரியோஹாக்காரர்கள் பிரெஞ்சு மரத்தைவிட அமெரிக்க ஓக்கைத்தான் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். அந்த மரத்துக்கு ஒரு விசேஷம்: அதில் வெனிலா வாசனையோடு தேங்காய் வாசனையும் உண்டு. கற்பனை அல்ல; தேங்காயை மணக்க வைக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த பொருளே அந்த மரத்திலும் இருக்கிறது. பழைய ரியோஹா ஒன்றை மூக்கருகே கொண்டுபோனால், உலர்ந்த செர்ரி, புகையிலை, தோல் பை, மழை நின்ற பிறகு சருகுகள் கிடக்கும் தோட்டம், இவற்றுக்கு அடியில் எங்கோ ஒரு கொப்பரை வாசனை. வாயில் வைத்தால் கனமே இல்லை. நல்ல புளிப்பு மட்டும் முதுகெலும்பு மாதிரி நிமிர்ந்து நிற்கும். அந்தப் புளிப்பு இருக்கிறதே, அதனால்தான் திராட்சைக் கொடியின் காய்ந்த குச்சிகளை எரித்து அந்தத் தணலில் வாட்டிய ஆட்டுக் குட்டி இறைச்சியோடு அது அவ்வளவு பொருத்தமாகச் சேருகிறது.

சத்தம் போடாத ஒயின் அது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நாம் பேச்சை நிறுத்தும்வரை காத்திருந்து, பிறகு தன் விஷயத்தைச் சொல்லும்.

இப்போது மார்க்குக்காரர்களுக்கு வருகிறேன். அமெரிக்காவில் ராபர்ட் பார்க்கர் என்ற வக்கீல் 1978-இல் ஒயினுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினார். நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போட்டார். (ஐம்பது மார்க் ஆரம்பத்திலேயே இலவசம். எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தத் தாராளம் உண்டு?) அவர் யோக்கியர், வியாபாரிகளின் தயவில் எழுதக் கூடாது என்று தொடங்கியவர், 2019-இல் ஓய்வும் பெற்றுவிட்டார். அவர் நாக்கின் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஒரு மனிதனுக்குக் கறுத்து, கனத்து, பழச்சாறு பொங்கும் ஒயின் பிடித்திருந்தால் பிடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்த ஒரு நாக்கின் விருப்பம் எண்ணாக மாறி, எண் கடைச் சீட்டில் ஏறி, சீட்டு விலையை நிர்ணயித்தபோதுதான் அநியாயம் தொடங்கியது. ஒரே நாளில் வரிசையாக எத்தனையோ கிண்ணங்களை முகர்ந்து துப்புகிற இடத்தில், சத்தம் போடுகிறவன்தான் ஜெயிப்பான். மெதுவாகப் பேசுகிறவன் குரல் எப்படிக் கேட்கும்?

1990-களில் ரியோஹாவிலேயே 'உயர் வெளிப்பாடு' என்று ஒரு புது மோஸ்தர் கிளம்பியது. கறுத்த நிறம், கனத்த பாட்டில், புதுப் பிரெஞ்சு ஓக், கனத்த விலை. நல்ல ஒயின்களும் அதில் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்தால் அவற்றில் பல எந்தத் தேசத்து ஒயின் என்றே சொல்ல முடியாது. ஆரோவில் நான் தங்கியிருந்த மூன்று நாட்களில், சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு கனவான், பழைய பாணி ஒயினைச் சுட்டிக்காட்டி, "இது செத்துப்போன ஒயின்" என்றார். அவர் வாங்கி விற்கும் தொழிலில் இருப்பவர்.

"எப்போது செத்தது?" என்று கேட்டேன்.

"பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே!"

அந்தச் 'செத்த' ஒயினை அவர் அன்றிரவு மூன்று கிண்ணம் குடித்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவது எனக்கும் தெரியும்.

லோப்பெஸ் தே எரேதியா சாலை மட்டும் மோஸ்தருக்கு மசியவில்லை. நிறுவியவரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நடத்தும் அந்த இடத்தில் பீப்பாய்களைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நிலவறையில் ஒட்டடையைக்கூட அடிப்பதில்லை. தக்கையைத் தின்னும் பூச்சியைச் சிலந்தி பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். 'ரிசர்வா' என்று எழுத, மொத்தம் மூன்று ஆண்டு வைத்திருந்து அதில் ஓராண்டு பீப்பாயில் கழிந்தால் போதும் என்கிறது சட்டம். இவர்களோ தொந்தோனியா தோட்டத்து ரிசர்வாவை ஆறு ஆண்டு பீப்பாயில் வைக்கிறார்கள். இடைக்காலத்தில் இவர்களைப் பார்த்து 'மியூசியம்' என்று சிரித்தவர்கள் உண்டு. இன்றைக்கு அந்த பாட்டிலைத் தேடிக் கடை கடையாக அலைகிறார்கள்.

காலம் கடந்தால் எல்லாம் நன்றாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மட்டமான பழத்தை ஐந்து வருஷம் பீப்பாயில் போட்டால் கிடைப்பது மரக்கஷாயம். ரியோஹாவின் சட்டம் நெடுங்காலம் மாதக்கணக்கைத்தான் பார்த்தது. எந்த மேட்டில், எத்தனை வயதான கொடியில் விளைந்தது என்று கேட்கவில்லை. 'கிரியான்சா'வுக்கு இரண்டு ஆண்டு, 'ரிசர்வா'வுக்கு மூன்று, 'கிரான் ரிசர்வா'வுக்கு ஐந்து. அவ்வளவுதான். இதுவும் ஒரு மார்க் பட்டியல் தானே? இந்தக் கோபத்தில்தான் அர்த்தாதி என்ற பெயர்பெற்ற சாலை 2015 இறுதியில் 'ரியோஹா' என்ற பெயரையே வேண்டாம் என்று உதறிவிட்டு வெளியேறியது. விற்கும் பெயரை விட்டுவிட்டுப் போவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 2017-இல் தனித் தோட்டத்தின் பெயரைச் சீட்டில் போடச் சட்டம் இடம் கொடுத்தது. கொடிக்குக் குறைந்தது 35 வயது, கையால்தான் பறிக்க வேண்டும், ஹெக்டேருக்கு 5,000 கிலோவுக்கு மேல் சிவப்புத் திராட்சை கூடாது. சாதாரணத் தோட்டத்துக்கு வரம்பு 6,500. நல்ல ஏற்பாடுதான், கின்டானோ பாதிரியார் கேட்டதை, இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, அரைகுறையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? குட்டையாக, கிண்ணம் போலக் கத்தரித்து வளர்த்த கிழட்டுக் கொடிகளை வைத்திருக்கும் குடியானவனுக்கு நஷ்டம். கொடி கிழடானால் காய்ப்புக் குறையும். பழத்தை எடை போட்டு ஒரே விலைக்கு வாங்கினால், கிழட்டுக் கொடியைப் பிடுங்கி எறிவதுதான் அவனுக்குக் கணக்குக்குச் சரி. பிடுங்கிய கொடிக்குப் பதில் இன்று நட்டால் அந்த 35 வயது வர அவன் பிள்ளை கிழவனாக வேண்டும். கடைச் சீட்டில் தொண்ணூற்றிரண்டா தொண்ணூற்று நாலா என்று பார்த்து வாங்கும் கனவான்கள் இதை நினைப்பதில்லை.

ரியோஹா பாட்டில்கள் சிலவற்றின் மேல் பொன்னிறக் கம்பி வலை ஒன்று சுற்றியிருக்கும். போலிச் சரக்கை உள்ளே ஊற்றி விற்காதபடி, தக்கையை எடுத்தால் வலை அறுபடவேண்டும் என்று ஏற்பட்ட காவல் அது. இப்போது சில கம்பெனிகள் அதை ஐந்து நிமிஷத்தில் குடித்து மறக்கும் மலிவுச் சரக்குக்கும் அலங்காரமாகப் போட்டுவிடுகின்றன. எங்கள் கனவானிடம் இதையும் கேட்டேன். "வலை இருந்தால் நன்றாக விற்கிறது" என்றார், நாலாவது கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே.