கேட்டோம், எழுதினோம், எழுந்து வந்தோம்

சென்னை சென்ட்ரலில் ஒரு நடைமேடையின் கடைசியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையனிடம் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது இருக்கும். காலி பாட்டில்கள் நிறைந்த சாக்கின் வாயை அவன் கை இறுகப் பிடித்திருந்தது. நான்காவது கேள்விக்குள் அவனே முந்திக்கொண்டான். "அடுத்து அப்பா குடிப்பாரான்னு கேப்பீங்க. அப்புறம் அடிப்பாரான்னு கேப்பீங்க. ரெண்டுக்கும் ஆமான்னு எழுதிக்குங்கக்கா."

எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்து கேட்டிருந்தால் ஒரு குழந்தைக்குக் கேள்வித்தாள் மனப்பாடம் ஆகியிருக்கும்! எழுந்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "நாளைக்கும் வருவீங்களா?" போகவில்லை. ஆய்வுக்கு வேண்டிய எண்ணிக்கை நிறைந்துவிட்டது.

இது என் ஒருத்தியின் தவறு மட்டுமல்ல. வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்கிற எங்கள் எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையைச் சமூகப் பணியாளரோ, அக்கறையுள்ள எந்தக் குடிமகனோ குழந்தைகள் நலக் குழுவின் முன் அழைத்துச் செல்லலாம் என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதையும் 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது. 1996இல் மும்பையில் தொடங்கிய 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. இவற்றை வகுப்பில் படித்தோம், தேர்வில் எழுதினோம். நடைமேடையில் மறந்தோம். ஆய்வாளர் தலையிடக் கூடாது, பார்த்து எழுதினால் போதும் என்று எங்களை நாங்களே சமாதானப்படுத்திக்கொண்டோம்.

எண்ணிக்கையிலும் பிழை செய்தோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணியது பிப்ரவரி 28 அன்று, ஒரே இரவில். கிடைத்த கணக்கு சுமார் 17.7 லட்சம். ஓடிவந்த பிள்ளை இரவில் ஓரிடத்தில் தங்குவதில்லை. விரட்டினால் அடுத்த ரயிலில் ஏறிவிடும். இது தெரிந்திருந்தும் அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டு, அதன்மேல் பரிந்துரைகளை அடுக்கினோம்.

பெண் பிள்ளைகளைத் தவறவிட்டோம். தனியாக வந்திறங்கும் சிறுமியை நடைமேடையில் யாரும் நெடுநேரம் விட்டுவைப்பதில்லை. நல்லவரோ கெட்டவரோ, யாரோ அழைத்துப் போய்விடுகிறார்கள். எங்கள் தாள்களில் பையன்களே நிறைந்திருந்ததைப் பார்த்து, பெண்கள் அதிகம் ஓடிவருவதில்லை என்று முடிவு கட்டினோம். அவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடிப் போகவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குற்றம் ஒப்படைப்பில் நடந்தது. குழந்தையை வீட்டில் திரும்பச் சேர்ப்பதும் பாதுகாப்பதும் குழந்தைகள் இல்லங்களின் முதல் நோக்கம் என்கிறது சட்டம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. நாங்கள் முதலாவதை மட்டும் எண்ணினோம். அம்மாவின் கையெழுத்து விழுந்ததும் கோப்பை மூடினோம். ஏன் ஓடி வந்தாய் என்று ஆயிரம் முறை கேட்ட நாங்கள், திரும்பிப் போன வீட்டில் என்ன மாறியிருக்கிறது என்று ஒருமுறையும் கேட்கவில்லை. மாறாத வீட்டிலிருந்து அதே பிள்ளை மறுபடி ஓடி வந்தபோது, 'ஓடிப் பழகியவன்' என்று எழுதினோம்.

பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவி கிடைக்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. வாடகைக்கு அறை கேட்டால், 'சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்' என்று விசாரிக்கும் ஊரில், அந்த மூன்று ஆண்டுகள்தான் அவர்கள் காலூன்றும் காலம். எங்கள் ஆய்வு பதினெட்டோடு நின்றுவிட்டதால் அவர்கள் எங்கள் கண்ணிலேயே படவில்லை.

பட்டம் கிடைத்தது, வேலை கிடைத்தது, கருத்தரங்க மேடையும் கிடைத்தது. பதில் சொன்ன பிள்ளைகளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கிடைத்தது.

இந்த ஆண்டு கள ஆய்வுக்குப் போகும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். குழந்தை தனியாக இருப்பதைப் பார்த்தால் முதலில் 1098ஐ அழையுங்கள். ஆள் வரும்வரை கூடவே உட்கார்ந்திருங்கள். வீட்டில் சேர்த்தார்கள் என்றால் ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். நாளைக்கு வருவீர்களா என்று கேட்டால், போங்கள். கேள்வித்தாள் அதற்கப்புறம்.