மறதியே இல்லாத ‘மறதி நோய்’: கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு லேட்?

டிமென்ஷியாவுக்குத் தமிழில் புழங்கும் பெயர் ‘மறதி நோய்’. சில இடங்களில் ‘முதுமை மறதி’. இந்த இரண்டு பெயருக்குள்ளும் அடங்காத ஒரு டிமென்ஷியா உண்டு. பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்கும். ஆரம்பத்தில் ஞாபகசக்தி அநேகமாக நன்றாகவே இருக்கும். பெயர் ஃப்ரன்டோடெம்போரல் டிமென்ஷியா, சுருக்கமாக எஃப்.டி.டி.

ஹாலிவுட் நடிகர் புரூஸ் வில்லிஸுக்கு வந்திருப்பது இதுதான். அவருக்குப் பேச்சுத்திறன் பாதிப்பு இருப்பதாக 2022 மார்ச்சில் குடும்பத்தினர் அறிவித்தார்கள். எஃப்.டி.டி என்ற தகவல் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. சின்ன வயதில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. பேச்சு மாறத் தொடங்கியபோது அது பழைய திக்கல்தான் என்று தோன்றியதாக மனைவி எம்மா பிறகு சொன்னார். பணத்துக்கும் டாக்டருக்கும் பஞ்சமில்லாத வீட்டிலேயே நிலைமை இது.

பேச்சில் தொடங்குவது ஒரு வகை. அதைவிட அதிகம் காணப்படுவது குணத்தில் தொடங்கும் வகை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதிதான் ‘இதைச் செய்யலாம், இது கூடாது’ என்று பிரேக் போடுகிறது. அது பழுதானால் என்ன ஆகும்? ஐம்பது வயது மனிதர் துக்க வீட்டில் சத்தமாக ஜோக் அடிப்பார். மனைவி காய்ச்சலில் படுத்திருந்தால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஸ்வீட் டப்பாவைக் காலி செய்யாமல் எழுந்திருக்க மாட்டார். ஆன்லைனில் கண்டதையும் வாங்கித் தள்ளுவார். கேட்டால், “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்பார். தன் மாற்றம் தனக்கே தெரியாததும் நோயின் பகுதிதான்.

வீட்டில் இதற்குப் பெயர் ‘திமிர்’. ஆஸ்பத்திரியில் ‘டிப்ரஷன்’ அல்லது ‘பைபோலார்’. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குணம் மாறும் வகை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதலில் மனநோய் என்றுதான் சொல்லப்பட்டிருந்தது. சரியான பெயர் கிடைப்பதற்குள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிடுகிறது.

டாக்டர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. வழக்கமான டெஸ்ட்டே அப்படி. இன்னைக்கு என்ன தேதி, மூணு வார்த்தையைத் திருப்பிச் சொல்லுங்க, 100-லிருந்து ஏழு ஏழா கழிங்க. எஃப்.டி.டி-யின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் இதில் ஈஸியாகப் பாஸாகிவிடலாம். எம்.ஆர்.ஐ ஸ்கேன்கூட அப்போது நார்மலாக வரலாம்.

அதனால் முதலில் மாற வேண்டியது கேள்விதான். கூச்சம் போவது, எதிலும் ஈடுபாடில்லாமல் போவது, இரக்கம் குறைவது, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது, திட்டமிடும் திறன் குறைவது. இந்த ஆறில் மூன்று விடாமல் தொடர்ந்தால் சந்தேகப்பட வேண்டும் என்கிறது 2011-ன் சர்வதேச வரையறை. இதற்கு மெஷின் வேண்டாம். கூடவே வாழ்பவரைத் தனியாக உட்காரவைத்துக் கால் மணி நேரம் கேட்டால் போதும். கூட்டம் நெரியும் ஓ.பி-யில் அந்தக் கால் மணி நேரம்தான் கிடைப்பதில்லை.

ரத்தத்தில் நியூரோஃபிலமென்ட் என்ற புரதத்தை அளக்கும் டெஸ்ட் வந்திருக்கிறது. நரம்பு செல்கள் சேதமானால் அளவு ஏறும். மனநோய் மட்டும் என்றால் பொதுவாக அவ்வளவு ஏறாது. ஆனால் வேறு நரம்பு நோய்களிலும் ஏறும் என்பதால், இது சந்தேகத்துக்கு வலுசேர்க்கும், நோயின் பெயரைச் சொல்லாது. சந்தேகமே வராதவருக்கு இந்த டெஸ்டை யார் எழுதித் தரப்போகிறார்கள்?

‘குணப்படுத்த மருந்தே இல்லையே, சீக்கிரம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?’ என்ற கேள்வியும் வரும். நிறைய ஆகும். அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் மாத்திரை இதற்குப் பலன் தருவதில்லை, சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்கலாம். நோய் என்று தெரிந்தால் பேங்க் அக்கவுன்ட்டைக் குடும்பம் கண்காணிக்கலாம். ‘ஒழுங்கீனம்’ என்று வேலையிலிருந்து துரத்தப்படுவதற்கு முன் மெடிக்கல் லீவுக்காவது முயலலாம். சில குடும்பங்களில் இது மரபணு வழியாக வருவதால், பிள்ளைகளுக்கும் கவுன்சலிங் தேவைப்படலாம்.

அதுவரை, கூடப் போகிறவர் ஒரு காரியம் செய்யலாம். எந்த மாற்றம் எந்த மாதத்தில் தொடங்கியது என்று போனில் குறித்துவைத்து, டாக்டரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேட்கலாம். “மறதி இருக்கா?” என்று அவர் கேட்டால், “இல்லை டாக்டர், ஆளே மாறிட்டார்” என்று அந்தக் குறிப்பைக் காட்டலாம்.