99,99,999 விளையாட்டு

தொண்ணூறுகளில் கீழக்கரையில் யார் வாப்பா துபாயிலிருந்து இறங்கினாலும் சென்ட், தைலத்தோடு ஒரு வீடியோ கேம் பெட்டியும் இறங்கும். நிண்டெண்டோ 1983-ல் விட்ட ஃபேமிகாமின் டூப்ளிகேட். கேஸட் லேபிளில் '99,99,999 கேம்' என்று போட்டிருக்கும். ஒரு மே லீவு முழுக்க உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். தேறியது ஏழு. மிச்சமெல்லாம் அதே மரியோதான். ஒன்றில் முதல் உலகத்தில் ஆரம்பிப்பான், இன்னொன்றில் மூன்றாவதில்.

சுத்தப் பித்தலாட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த டூப்ளிகேட்காரனிடம் மூல புரோகிராம் கிடையாது. பின்னே எப்படி மாற்றினான்? மீன் குழம்பை ஒரு சொட்டு நக்கிப் பார்த்தே புளி எத்தனை, மல்லி எத்தனை என்று சொல்கிற பாம்பன் பெரியம்மா இருப்பாரே, அந்த வித்தை. இங்கிலீஷில் ரிவர்ஸ் இன்ஜினீயரிங்.

சூப்பர் மரியோ பிரதர்ஸ் (1985) மொத்தமே 40 கிலோபைட். இன்றைக்கு வாட்ஸப்பில் சித்தப்பா அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ அதைவிடப் பெரிசு. உள்ளே வெறும் எண்கள். ஓரிடத்தில் 169, 2, 141, 90, 7 என்று வரும். லாட்டரி ரிசல்ட் இல்லை சார். 169 என்றால், 'அடுத்த எண்ணைக் கையில் எடு'. எடுத்தாச்சு, 2. 141 என்றால், 'அதை இந்த விலாசத்தில் வை'. விலாசம் பின்னாலிருந்து முன்னால்: 7-ஐ 256-ஆல் பெருக்கி 90 கூட்டினால் 1882-ஆம் அறை. அங்கே என்ன? கவனித்தால், மரியோ சாகும்போதெல்லாம் அந்த அறையில் ஒன்று குறைகிறது. ஆக, உயிர்! ஆடுவது ஒன்று, கையிருப்பு இரண்டு. அந்த 2-ஐ 9 ஆக்குங்கள், பத்து உயிர்.

இப்படி அறை அறையாகப் பெயர் வைத்து, முழு ஆட்டத்தையும் மனுஷன் படிக்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது.

தப்பில்லையா? நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999 திருத்தப்படி, முறையாகக் கையிலுள்ள புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று ஆராயலாம். (துபாய் டூப்ளிகேட் அந்த 'முறையாக'வில் வராது.)

எதற்கு இந்த வேண்டாத வேலை என்பவர்கள் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஒரு வருஷம் குடியிருக்க வேண்டும். உப்புக் காற்றில் கேஸட்டின் செப்புப் பல்லில் களிம்பு ஏறிவிடும். நாங்கள் 'ஃபூ' என்று ஊதுவோம். எச்சில் பட்டு இன்னும் கெடும். அழி ரப்பரால் தேய்ப்பதுதான் வழி. அதுவும் எத்தனை நாளைக்கு? ஆனால் உள்ளே இருக்கிற கணக்கு புரிந்துவிட்டால், பெட்டி செத்தாலும் ஆட்டம் வேறு பெட்டிக்குக் குடிபோகலாம். போயும் இருக்கிறது. 1996-ல் வந்த சூப்பர் மரியோ 64-ஐ ரசிகர்கள் பிரித்து, 'ஸி' மொழியில் திருப்பி எழுதினார்கள். 2020-ல் அது ஓடியது எதில் தெரியுமா? நிண்டெண்டோவின் அந்நாளைய ஜென்ம விரோதி சேகா 1998-ல் விட்ட ட்ரீம்காஸ்டில்!