கல்லறையிலும் இடமில்லாதவர்கள்

ஏப்ரல் 25, விடியற்காலை. தாய்லாந்தின் காஞ்சனபுரி அருகே, பாறையை வெட்டி உருவாக்கிய ‘ஹெல்ஃபயர் பாஸ்’ கணவாயில் நண்பர்கள் நால்வர் நின்றிருந்தோம். ஜப்பானியர் போட்ட சயாம் - பர்மா ரயில்பாதையில் மடிந்த போர்க்கைதிகளுக்கு ஆஸ்திரேலியர்கள் ஆண்டுதோறும் செலுத்தும் அஞ்சலி. நாங்களும் தலைகுனிந்தோம்.

பிறகு காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனோம். ஏறத்தாழ 7,000 பேர். கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. நண்பர் கேட்டார்: “நம்ம ஆளுங்க எங்க தோழர்?”

1942-43இல் அந்த 415 கிலோமீட்டர் பாதைக்காக மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம். காலராவிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். பலர், ஊரில் சேரியென்று ஒதுக்கப்பட்டு, கங்காணியின் பின்னால் கப்பலேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் இல்லை.

படைக்குப் பதிவேடு இருந்தது, கூலிக்கு இல்லை என்பார்கள். ஆளைக் கூட்டிப்போன கங்காணி தலைக்கு இவ்வளவு என்று எண்ணித்தானே காசு வாங்கினான்? உழைக்கும்வரை கணக்கு இருந்தது. செத்த பிறகு இல்லை.

வெள்ளைக்காரனை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. சோழன் கடாரம் கொண்டதை மேடைதோறும் முழங்குகிறோம். அதே மண்ணிலிருந்து சாகக் கொண்டுபோகப்பட்ட கூலிகளுக்காக ஒரு நாளாவது ஒதுக்கினோமா? மன்னனுக்குச் சிலை, கூலிக்கு மறதி. இதற்குச் சாதி என்றுதான் பெயர்.