இரும்புப் பட்டறையில் பிறந்த இசை



ஹெவி மெட்டல் என்றதும் கறுப்புச் சட்டையும் மண்டையோட்டுப் படமும் காதைப் பிளக்கும் சத்தமும்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பிள்ளையின் அறையில் அந்தப் படத்தைப் பார்த்துப் பதறிய பெற்றோர் ஏராளம். அவர்களுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த பகுதி ஆஸ்டன். அந்த ஊர்ப் பையன் டோனி அயோமி 17 வயதில் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்தார். இசைக்குழுவோடு வெளிநாடு கிளம்புவதற்காக வேலையை விட்ட கடைசி நாள். அன்று வராத ஒருவருக்குப் பதிலாக அவரை பிரஸ் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் துண்டாகிப் போயின. இடது கைப் பழக்கமுள்ள அவருக்கு கிதார் கம்பிகளை அழுத்த வேண்டியவை அந்த விரல்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். மெல்லிய கம்பிகளை மாட்டினார். பின்னாளில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். 1970இல் அவரது பிளாக் சபத் குழுவின் முதல் ஆல்பத்தோடு வெளிவந்த கனத்த ஒலியைச் சாத்தானின் இசை என்றார்கள். எனக்கு அதில் கேட்பது உழைப்பாளியின் பிடிவாதம்.

சந்தேகம் எளிதில் தீரவில்லை. 1985இல் அமெரிக்க செனட் குழுவே பாடல் வரிகளை விசாரித்தது. பரட்டைத் தலையும் ஜீன்ஸுமாக வந்த மெட்டல் பாடகர் டீ ஸ்னைடர், தனக்குப் புகை, மது, போதை எதுவும் பழக்கமில்லை என்று சொல்லி நிதானமாக வாதாடினார். மெட்டல் ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டும் முத்திரைகூட, பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ தன் இத்தாலியப் பாட்டியிடம் கற்றது. பாட்டி அதைக் காட்டியது கண்ணேறு கழிக்க. களங்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் இந்த இசையைச் சேர்ந்த சிலர் தேவாலயங்களை எரித்தார்கள். அது குற்றம்தான்.

ஆனால் மெட்டல் உலகம் தன்னை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. தோலாடையும் இரும்புக் குமிழ்களும் அணிந்து ஆண்மையின் அடையாளமாகப் பார்க்கப்பட்டவர் ஜூடாஸ் பிரீஸ்ட் பாடகர் ராப் ஹால்ஃபோர்டு. தான் தன்பால் ஈர்ப்பாளர் என்று 1998இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் அவரைக் கைவிடவில்லை. இந்தோனேசியாவின் காருட்டில் மதப் பள்ளியில் சந்தித்த மூன்று இளம்பெண்கள், 'வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்' குழுவாக ஹிஜாப் அணிந்தே மெட்டல் வாசிக்கிறார்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கோஜிரா மெட்டல் குழுவின் கிதார் முழங்கியது.

பர்மிங்காமும் தன் பிள்ளைகளைக் கொண்டாடியது. பர்மிங்காம் ராயல் பாலே நடனக் குழு 2023இல் பிளாக் சபத் பாடல்களுக்கு நடனம் அமைத்தது. 2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் தான் வளர்ந்த வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில், பார்க்கின்சன் நோயால் பாதிக்கப்பட்டிருந்த பிளாக் சபத் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் அமர்ந்தபடியே கடைசியாகப் பாடினார். அடுத்த 17ஆம் நாள் அவர் மறைந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த இசையைக் கேட்டால் கதவை அடைக்கச் சொல்லாதீர்கள். அருகில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். அதில் அவனுக்கோ அவளுக்கோ என்ன பிடித்திருக்கிறது என்று விசாரியுங்கள். கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்