வீட்டுக் கணனி: திறப்பு யார் கையில்?

சகோதரிகளே, நாள்தோறும் பாவித்து வந்த ஒரு மென்பொருள் திடீரெனத் திறக்க மறுத்தால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வைரஸ் என்பார் ஒருவர், மெஷின் பழுது என்பார் இன்னொருவர். பிறகு கணனியைத் தூக்கிக் கொண்டு கடைக்குப் போவார்கள். அங்கே பல வேளைகளில் கிடைக்கும் ஒரே மருந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான். நீங்கள் தையல் வேலை செய்பவராக இருந்தால் வாடிக்கையாளரின் அளவுகளும் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கும் அத்தோடு போகும். போகாவிட்டாலும், குடும்பப் படங்கள் நிறைந்த கணனி முன்பின் தெரியாத ஒருவரின் மேசையில் இரண்டு மூன்று நாட்கள் கிடக்கும். எனவே கடைக்குப் போகுமுன் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

திரையில் வந்த செய்தியை மூடிவிடாதீர்கள். கைத்தொலைபேசியில் அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ஆறுதலாகப் படியுங்கள். அதில் 'எக்ஸஸ் டினைட்' என்றோ 'பெர்மிஷன்' என்றோ இருந்தால், மென்பொருள் பழுதாகாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். அலுமாரி நன்றாகத்தான் இருக்கிறது, திறப்புத்தான் உங்கள் கையில் இல்லை.

விண்டோஸ் 95, 98 காலத்தில் வீட்டுக் கணனியில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. கணனிக்கு முன்னால் அமர்ந்தவர் எந்தக் கோப்பையும் திறக்கலாம், அழிக்கலாம். 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது, அலுவலகக் கணனிகளில் இருந்த ஒழுங்கு வீட்டுக்கும் வந்தது. என்.ரி.எஃப்.எஸ். முறையில் அமைந்த டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் இயக்கலாம் என்ற பட்டியலும் உண்டு. உங்கள் பெயர் அதில் இல்லையென்றால் கதவு திறக்காது.

இப்போது நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். மகன் தன் எக்கவுண்டில் இருந்து மென்பொருளைப் போட்டுத் தருகிறார். அவர்தான் கணனியின் நிர்வாகி. உம்மாவுக்கு என்று ஒரு சாதாரண எக்கவுண்ட். மகன் திறந்தால் திறக்கிறது, உம்மா திறந்தால் திறக்கவில்லை. "உங்களுக்குப் பாவிக்கத் தெரியாது" என்ற பேச்சும் வேறு! உண்மையில் ஒருவரது எக்கவுண்டில் திறந்து மற்றவரது எக்கவுண்டில் திறக்காமல் இருப்பதுதான், இது அனுமதிக் கோளாறு என்பதற்கு மிக நல்ல அடையாளம்.

காரணம் இதுதான். சில பழைய மென்பொருள்கள் தம் கணக்குக் கோப்பைத் தாம் இருக்கும் கோப்புறையிலேயே எழுதும். அந்தக் கோப்புறை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதற்குள் இருந்தால், சாதாரண எக்கவுண்டில் உள்ளவர் அங்கே எதையும் எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும். எழுத முடியாத மென்பொருள் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2007இல் விஸ்டா வந்ததிலிருந்து, சில பழைய மென்பொருள்கள் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதை ஒவ்வொருவரது எக்கவுண்டிலும் உள்ள 'வேர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவான கோப்புறைக்குத் திருப்பிவிடும். மகன் எழுதிய கணக்கு உம்மாவுக்குத் தெரியாது, உம்மா எழுதியது மகனுக்குத் தெரியாது. நேற்றுப் பதிந்த அளவைக் காணவில்லை என்றால் அங்கே தேடிப் பாருங்கள்.

சோதிப்பது எப்படி? மென்பொருளின் படத்தின் மேல் மௌஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதைக் கொடுத்ததும் திறந்தால் கோளாறு பிடிபட்டது. ஆனால் தினமும் இப்படியே திறக்க வேண்டாம். அந்த ஒரு மென்பொருளுக்கு முழுக் கணனியின் திறப்பையும் கொடுத்ததாகிவிடும்.

நிலையான வழி, அந்தக் கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. முதலில் கணக்குக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு நிர்வாகியின் எக்கவுண்டில் இருந்து, கோப்புறையின் மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி 'புரொப்பர்ட்டீஸ்' செல்லுங்கள். அதில் 'செக்கியூரிட்டி' என்ற பக்கத்தில் 'எடிட்' அழுத்தினால் பெயர்ப் பட்டியல் வரும். 'யூசர்ஸ்' என்பதைத் தெரிவு செய்து, கீழே 'மொடிஃபை' என்பதற்கு நேரே அடையாளமிட்டு 'ஓகே' கொடுங்கள். அவ்வளவுதான். அவசரத்தில் முழு சி டிரைவுக்கும் 'எவ்ரிவன்' என்று எல்லோருக்கும் அனுமதி கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெட்டிக்குத் திறப்பில்லை என்று வீட்டுக் கதவையே கழற்றி வைக்கும் யோசனை அது. விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளில் கை வைக்கவே வேண்டாம்.

பழைய கணனியின் டிஸ்கைப் புதிய கணனியில் இணைத்தவர்களுக்கும் இதே செய்தி வரும். "நான்தானே சொந்தக்காரி, அங்கேயும் இங்கேயும் என் பெயர்தானே" என்று கேட்பீர்கள். கணனி பெயரைப் பார்ப்பதில்லை. எக்கவுண்ட் ஒவ்வொன்றுக்கும் தான் வைத்த நீண்ட இலக்கம் ஒன்றைத்தான் பார்க்கிறது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருப்பது போலத்தான். பட்டியலில் 'எக்கவுண்ட் அன்னோன்' என்று எழுதி எஸ்-1-5-21 எனத் தொடங்கும் இலக்கம் ஒன்று இருந்தால், அதுதான் பழைய நீங்கள்! அதே 'செக்கியூரிட்டி' பக்கத்தில் 'அட்வான்ஸ்ட்' சென்று, 'ஓனர்' என்பதற்கு அருகில் 'சேன்ஜ்' அழுத்தி உங்கள் புதிய எக்கவுண்டின் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருப்பவற்றுக்கும் உரிமையை மாற்றும்படி கீழே தோன்றும் கட்டத்தில் அடையாளமிட மறக்காதீர்கள். பெரிய கோப்புறையானால் நேரம் எடுக்கும், இடையில் நிறுத்தாதீர்கள். அதன் பின்னும் திறக்காவிட்டால், முன்பு சொன்ன முறையில் உங்கள் பெயருக்கு அனுமதியையும் கொடுங்கள்.

இந்த வழி உதவாத இடம் ஒன்று உண்டு. பழைய கணனியில் கோப்புகளை மறைகுறியிட்டு வைத்திருந்தால், உரிமையை மாற்றினாலும் அவை திறக்கா. அவற்றுக்குப் பழைய எக்கவுண்டின் சான்றிதழ் வேண்டும். முழு டிஸ்கும் 'பிட்லொக்கர்' மூலம் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பு வேண்டும். அவை கைக்கு வரும்வரை பழைய கணனியை விற்கவோ, அழித்து விண்டோஸ் போடவோ யாரையும் விடாதீர்கள்.